முடிவுள்ள மாயக்கதை ஒன்று வேண்டும்

என் மகன் தம்பிக்கு அம்மா எழுதுவது.

சங்கரன் கணக்குப் பரீட்சையில் வகுப்புக்கே முதலாவதாக வந்தான் என்று நீ எழுதிய கார்டைச் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். வள்ளி ரோசாப்பூப் போட்டுத் தைத்த கைக்குட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள் என்பதை நம் வளவில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சின்னவன் ராமு தன் பெயரைத் தானே எழுதி, பக்கத்தில் ஒரு யானையும் போட்டு அனுப்பியிருந்தான். தும்பிக்கை நன்றாக வந்திருந்தது, வால்தான் இல்லை. அதனால் என்ன, அந்த வயதில் உனக்குப் பூனைகூடப் போட வராது. சங்கரன் இப்போது இங்கிலீஷில் மேடையேறிப் பேசுகிறானாம். வள்ளிக்கு வீணை வாத்தியார் இனிச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்றாராம். ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். எனக்குப் பெருமையாக இருக்கிறது தம்பி, அதை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேனே என்று சிரிப்பாய். இதையெல்லாம் நான் தினமும் உன் அக்காவிடம் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கோமதி கேட்டுக்கொள்கிறாள். கேட்டுவிட்டு, "பிள்ளைக மூணு பேரும் நல்லாத்தான இருக்காக?" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்பதை இதுவரை உனக்கு முழுதாக எழுதவில்லை. எனக்கு இப்போது கண்ணும் மங்கிவருகிறது, படியேறினால் மூச்சும் வாங்குகிறது. எழுத முடிகிறபோதே எழுதிவிட வேண்டும். உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். நல்ல மாயக்கதைப் புத்தகம் ஒன்று தேடி அனுப்ப வேண்டும். எத்தனையோ வேலைக்கு நடுவில் அம்மா கதைப் புத்தகத்துக்குக் கடிதம் எழுதுகிறாளே என்று மடித்து வைத்துவிடாதே. கடைசி வரைக்கும் படி.

உன் அக்கா திருமங்கலத்திலிருந்து வெறுங்கழுத்தோடு நம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அன்றைக்கு நம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை, அவளுக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீதான் எங்கிருந்தோ ஒரு கதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, இதுல ஒரு பூதம் வருது, படிச்சுக் காட்டுறியா?" என்று அவள் முன்னால் போட்டாய். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அவள் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தையே அந்தப் பூதத்தின் பேச்சுத்தான். அதற்குப் பிறகு அவள் விடவில்லை. பறக்கும் கம்பளமும், கடலுக்கு அடியில் பட்டணமும், பாம்பு வாயிலே தூங்குகிற ராசகுமாரனும் இல்லாத புத்தகத்தை அவள் தொடமாட்டாள்.

நீ பி.ஏ. முடித்துப் பட்டணத்துக்குப் போன பிறகு அவளுக்கென்று நல்ல புத்தகங்களாக அனுப்பினாய். எல்லாவற்றிலும் ஒரு விதவை இருந்தாள். ஒன்றில் அவள் கிணற்றில் விழுந்தாள், ஒன்றில் அவளுக்கு ஒரு சீர்திருத்தக்காரன் வாழ்வு கொடுத்தான். கோமதி எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்து, அட்டை போட்டு அடுக்கி வைத்தாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "என்னையப் பத்தி எனக்குத் தெரியும்மா. அதையே அவன் காசு போட்டு வாங்கி அனுப்பணுமா? எனக்குத் தெரியாத ஊரு எங்கயாச்சும் இருந்தா அந்தப் புஸ்தகத்த அனுப்பச் சொல்லு." அதை உனக்கு எழுதாதே என்றும் சொன்னாள். தம்பி மனசு கஷ்டப்படும் என்று. அதனால் நானே புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளுக்கு நடையாக நடந்து வாங்கிக்கொண்டு வருவேன். அங்கே கடைக்காரனுக்கு என்னைத் தூரத்தில் கண்டாலே வாயெல்லாம் பல். "ஆச்சி, இன்னைக்கு மந்திரவாதி வர்ற கதையா, மாமியா வர்ற கதையா?" என்பான். "ரெண்டும் ஒண்ணுதானடா, எதுல ராச்சசன் பெருசா இருக்கானோ அதக் குடு" என்பேன்.

அந்தக் கதைகள் அவளுக்கு ஊரையே வீட்டுக்குக் கொண்டுவந்தன. நம் வளவில் எட்டுக் குடித்தனம், நடுவில் ஒரு கிணறு. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்றால் கோமதிக்கு அழைப்பு இல்லை, அவளும் வெளியே வரமாட்டாள். ஆனால் மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் அத்தனை பெண்களும் கிணற்றடி நிழலுக்கு வந்து, "கோமதி, குதிரையக் கரையேத்தி விட்டுட்டுப் போயிட்டியே, அடுத்து எங்க போகுது, வாம்மா" என்று அவளைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்காரும்போது நடுவில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள், தம்பி. அதைப் பார்க்க எனக்கு வயிறு குளிரும். மந்திரவாதிக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், பறவைக்கு ஒரு குரல் என்று அவள் படிப்பாள். பேசும்படம் வந்த பிறகு சிலபேர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க பூதம் சின்னதாத்தான் இருக்கு. கோமதி பூதம்தான் பெருசு" என்றார்கள்.

படிப்பதற்கு ஒரு முறை உண்டு. புராணம் வாசிக்கிற வீடுகளில் உள்ள வழக்கம்தான். கெட்ட இடத்தில் நிறுத்தக் கூடாது. கதையில் ஒருத்தர் சிறையில் கிடக்கும்போதோ, சாபத்தில் இருக்கும்போதோ புத்தகத்தை மூடினால் கேட்டவர் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எவ்வளவு நேரமானாலும் அவரைக் கரையேற்றிவிட்டுத்தான் மூட வேண்டும். கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தால் இன்னும் கண்டிப்பு. கோமதி அதில் ஒரு நாளும் தவறியதில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது என்று நான் கத்தினாலும், "இரும்மா, இவன ஆத்தக் கடத்தி விட்டுட்டு வாரேன்" என்பாள்.

குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியான அந்தக் கோடையில் நீ மருமகளையும் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாய். அப்போது ரயிலடியில் அவசரமாக வாங்கியது என்று ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தாய். அட்டையில் ஒரு மரப்பறவை. இத்தனை வருசத்தில் நீயாக அவளுக்கு வாங்கிக்கொடுத்த மாயக்கதை, அந்தப் பழைய பூதத்துக்குப் பிறகு, அது ஒன்றுதான். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை, உனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உப்பு விற்கிறவன் மகள் ஒருத்தி, மரத்தால் பறவை செய்து, அதன் மேலேறி, காணாமல் போனவர்களெல்லாம் இருக்கிற ஊரைத் தேடிப்போகிற கதை. "மத்த கதையில எல்லாம் இவ உக்காந்திருப்பா, அவன் தேடி வருவான். இதுலதான் போறவ இவ" என்று கோமதி எல்லாரிடமும் சொன்னாள். சங்கரனும் வள்ளியும் அவள் காலடியிலே உட்கார்ந்து கேட்டார்கள். ராமு அவள் மடியிலே. பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளின் மருமகள் தனம், வயிற்றைத் தாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்து உட்காருவாள். அது அவளுக்குத் தலைப்பிள்ளை.

முன்கூட்டியே படித்துப் பார்க்கிற வழக்கம் கோமதிக்கு இல்லை. அவர்களோடு சேர்ந்து தானும் முதல்முறையாகப் படித்தால்தான் அவளுக்குச் சந்தோஷம். ஒரு நாள் மலை உச்சியில் மந்திரவாதி அந்தப் பெண்ணைக் கல்லாக்குகிறான். கால் கல்லாகிறது, கை கல்லாகிறது, கண்கள் மட்டும் கல்லாகாமல் திறந்திருக்கின்றன. கோமதி அடுத்த தாளைத் திருப்பினாள். கூந்தல் தைல விளம்பரம். அதற்கடுத்து அட்டை. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிச்சம்மாள்தான் முதலில் சிரித்தாள்: "என்ன கோமதி, அந்தத் தைலத்தத் தேச்சா கல்லு கரையுமாமா?" எல்லாரும் சிரித்தார்கள். வள்ளி புத்தகத்தை வாங்கி, உள்தாளில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைப் பார்த்து, "அத்தை, இது முதல் பாகம்தான்" என்றாள். பிச்சம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி சரி, நல்ல எடமாப் பாத்து நிறுத்து. புள்ளத்தாச்சி உக்காந்திருக்கா" என்றாள். கோமதி பின்னால் புரட்டி, பறவை முதல்முதலாகப் பறக்கிற இடத்தை மறுபடி வாசித்து மூடினாள். ஆனாலும் அது முடிந்தது போல இல்லை, எங்களுக்கெல்லாம் தெரிந்தது. தனம் பிரசவத்துக்குச் சோழவந்தானுக்குத் தாய்வீடு போகும்போது, "ரெண்டாம் பாகம் வந்தா ஆள் விட்டுச் சொல்லுங்கக்கா, நான் புள்ளையோட வந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பிள்ளை பிறந்தது, அழவில்லை. சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு கொண்டுவருகிற ஆள்தான் சேதி கொண்டுவந்தான். அப்போது உன் பிள்ளைகள் பட்டணத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

யாரும் கோமதியின் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் கிணற்றடிக்கு வராமல் இருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு நாள் தண்ணீர் இறைக்கும்போது பிச்சம்மாள் சொல்வது எங்கள் சன்னல் வழியாகக் கேட்டது. "கல்லாயிட்டா, கல்லாயிட்டான்னு வாசிச்சு அப்பிடியே மூடுனா வயித்துல இருக்கிறது என்னத்துக்கு ஆகும்? வாசிச்சதும் ஆரு?" நான் சண்டைக்குத்தான் போனேன். அவள் கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம் பேரனக்கா. நான் ஆரையாச்சும் சொல்லணும்ல. ஆரைச் சொல்லட்டும், நீயே சொல்லு" என்றாள். நானும் சேர்ந்து அழுதுவிட்டு வந்தேன். உள்ளே கோமதி புத்தகங்களையெல்லாம் தகரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது மற்றவர்கள் இறைத்து முடித்த பிறகுதான் அவள் தண்ணீருக்குப் போகிறாள்.

இது மூடநம்பிக்கை, பிள்ளைகள் சாவதற்கு ஆயிரம் காரணம் உண்டு, டாக்டர்கள் கையைக் கழுவாததுகூடக் காரணம் என்று போன கடிதத்தில் விரிவாக எழுதியிருந்தாய். எல்லாம் சரி தம்பி. அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் படிச்சவன், சரியாத்தான் எழுதுவான்" என்றாள். அச்சாபீசில் நீ போய் விசாரித்ததையும் சொன்னேன். யுத்தத்தில் காகிதம் கிடைக்கவில்லை, எழுதியவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார், இரண்டாம் பாகம் அவர் எழுதவே இல்லை என்று. அவள் விறகை அடுப்புக்குள் தள்ளினாள். "அப்ப அவ அப்பிடியே நிக்க வேண்டியதுதான்" என்றாள்.

நீ உன்னை நொந்துகொண்டு எழுதியிருந்ததைப் படித்து எனக்குத் தாளவில்லை. பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்கிறாய். ரயிலடியில் ஒருத்தன் எத்தனை பக்கம் புரட்ட முடியும்? அக்காவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து வாங்கினாய். அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன், அவளும் சொல்லமாட்டாள். அவள் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள்.

போன மாதம் தனம் புருஷன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. மாமியார் பரவைச் சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து நம் வாசலுக்கு வந்து நின்றாள். கோமதி கதவைப் பாதி சாத்தி, உள்ளே நின்றுகொண்டாள்.

"அக்கா, அந்தப் புள்ள இன்னும் மலைமேலயா நிக்கிறா?"

"மிச்சம் வரலை தனம். வராதாம்."

"பரவாயில்லக்கா. வேற கதை சொல்லுங்க. எனக்கு வீட்டுக்குள்ள இருக்க முடியல. ஒரே சத்தமில்லாம இருக்கு."

"நீ இங்க வராத தாயி. எங்கிட்ட வராத."

"நீங்களும் அதத்தான் நம்புறீகளா?"

கோமதி மீதிக் கதவையும் சாத்தினாள். தனம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவள் கேட்டது நியாயம், இவள் பயந்ததும் நியாயம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு கிழவி, கையில் புளியை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. நான் இருக்கும்வரை அவளுக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். நான் கண்ணை மூடிவிட்டால் இந்த வளவில் அவளோடு பேச யார் இருப்பார்கள்? அந்தக் கிணற்றடியை அவளுக்குத் திரும்ப வாங்கிக்கொடுக்காமல் நான் போக முடியாது.

ஒரு யோசனை செய்தேன். போன வாரம் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மத்தியானம் தனியாகக் கிணற்றடியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். என் வாசிப்பு உனக்குத் தெரியும். எழுத்தெழுத்தாகக் கூட்டி, பாதி வார்த்தையில் மூச்சு வாங்கி, ராட்சசன் பேசுவதும் ராணி பேசுவதும் ஒரே குரலாக, பால்கணக்கு ஒப்பிப்பது மாதிரி. கோமதி எதைப் பொறுத்தாலும் மோசமாக வாசிப்பதைப் பொறுக்கமாட்டாள். உள்ளேயிருந்து, "அந்த எடத்துல நிறுத்தி வாசிக்கணும்மா, அவன் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான்ல" என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு மேலே படிக்க எழுத்துத் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. ஆனால் அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். அதற்கு மேல் அவளை இழுத்துக்கொண்டு வர அதற்குப் பலமில்லை. அடுத்த நாள் வாசித்தபோது சத்தம் வரவில்லை. அடுத்தது என்ன என்று அவளுக்கே தெரியாத கதையாக இருந்தால்தான் அவளால் உள்ளே உட்கார்ந்திருக்க முடியாது. புதுமண்டபத்தில் இருப்பதெல்லாம் அவள் படித்தாகிவிட்டது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். உன் சிநேகிதர்களான வாத்தியார்களைக் கேட்காதே, அவர்கள் தாங்கள் படிக்காததையும் நல்லது என்று சொல்லுவார்கள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன என்றாயே, அங்கே போ. முதலில் கடைசித் தாளைப் பார். கதையில் உள்ளவர்கள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள். பிறகு ஓரத்தைப் பார். எண்ணெய்க் கறையும் புளிக்கறையும் படிந்திருந்தால் பெண்பிள்ளைகள் அடுப்படியில் வைத்துப் படித்த புத்தகம், நம்பி வாங்கலாம். ஆனால் கறை பாதிப் புத்தகத்தோடு நின்றுபோயிருந்தால் வேண்டாம், அங்கேயே அலுத்துப்போய் மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். மோதிரத்தைத் தேய்த்தால் எல்லாம் கிடைக்கிற கதையும் வேண்டாம். "தேச்சா வந்திரும்னா அப்புறம் என்னத்துக்கு ஐந்நூறு பக்கம்?" என்பாள் கோமதி. மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும், ஒரு எல்லை இருக்க வேண்டும். பசித்தால் சாப்பிடுகிற ஆட்களாக இருக்க வேண்டும். சோறு தின்னாமல் ஏழு மலை தாண்டுகிறவனை அவள் நம்பமாட்டாள். முடிந்தால் போகிறவள் பெண்ணாக இருக்கட்டும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், முதல் சில நாள் நான்தானே வாசிக்க வேண்டும். தனத்தைக் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். பிச்சம்மாள் வைதால் வாங்கிக்கொள்கிறேன். வாசிக்கிறது நான்தானே, எனக்குப் பேரன் பேத்தி நிறைந்த வீடு, என் வாயில் என்ன குறை சொல்லமுடியும்? கோமதி எந்த இடத்தில் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்குவாள் என்று தெரியாது. வாங்காமலே போகலாம். அப்படியானால் நானே கடைசித் தாள் வரை வாசிப்பேன். கதவுக்குப் பின்னால் இருந்தாவது அவள் முழுக்கதையையும் கேட்கட்டும்.

புத்தகம் கிடைக்க நாளாகும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். அந்தக் கோடையில் கல்லான இடம் வரை கேட்டவர்களில் உன் பிள்ளைகளும் இருந்தார்கள் இல்லையா. அதைத்தான் உன் அக்கா ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். பரிசு வாங்கினார்கள், பாஸ் பண்ணினார்கள் என்று நான் எவ்வளவு சொன்னாலும், "கடுதாசியில நல்லதத்தான்ம்மா எழுதுவாக" என்கிறாள். பழைய படம் அவளுக்குப் போதவில்லை, அது அந்தக் கோடைக்கு முந்தியது. யுத்த காலத்தில் படம் பிடிக்க எவ்வளவு சிரமமானாலும் பார்க்காதே. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நாற்காலியில் உட்காரவைக்காதே, நிற்கவை. ராமு அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் முன்னால் நிற்கட்டும். கையும் காலும் முழுதாகத் தெரிய வேண்டும். போட்டோக்காரன் ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லுவான். அவன் பேச்சைக் கேட்க வேண்டாம். சிரிக்கச் சொல்லு, கை கொஞ்சம் ஆடினாலும் மங்கினாலும் குற்றமில்லை, பிள்ளைகள் அசைந்தார்கள் என்று அவள் பார்க்கட்டும். சீக்கிரம் தபாலில் போடு, தம்பி.